614-லிருந்து 641-க்கு

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய ஊரில் குடியேறிப் பழகுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். நான் தபால் நிலையத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எழுத்தர், எனக்கு என்ன தெரியும் என்றேன். முகவரி மாறுகிறவர்களை உங்களைவிட அதிகமாகப் பார்த்தவர் யாருங்க என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. எங்கள் ஊரின் பின்கோடு 614001. கோயம்புத்தூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 641001. கவனித்தீர்களா? அதே எண்கள்தான். ஒன்றும் நான்கும் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. 1972 ஆகஸ்ட் 15-ல் நாடு முழுக்க இந்த எண்முறை வந்தது. அன்றைக்கே என் தலையில் இப்படி எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

2014 ஜூனில், கணவருக்குக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்து, நானும் மாறுதல் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த மாதமே அம்மா போன் செய்து, கத்தரி வற்றலும் மோர் மிளகாயும் அனுப்புகிறேன், விலாசம் சொல்லு என்றாள். வரிவரியாகச் சொன்னேன். பின்கோடு என்று வந்ததும் நாக்கு பழைய பழக்கத்தில் 614 என்று ஆரம்பித்துவிட்டது. அம்மாவும் அப்படியே எழுதினாள். பார்சல் ஒரு வாரம் டெல்டாவுக்குள்ளேயே சுற்றிவிட்டு அம்மா வீட்டுக்கே திரும்பிப் போனது. 'தபால் ஆபீஸ்காரி வீட்டுப் பார்சலே இந்தக் கதி' என்று இங்கே அலுவலகத்தில் ரொம்ப நாள் சிரித்தார்கள்.

வீடு தேடிய கதையைச் சொல்கிறேன். கணபதிப் பக்கம், சத்தி ரோட்டுக்கு உள்ளே தள்ளி, ஒரு லைன் வீடு. ஐந்து வீடுகள் ஒரே கூரையின் கீழே ரயில் பெட்டி மாதிரி. நான் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, காற்று வருமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். துணைக்கு வந்த அலுவலகத் தோழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் ஓடுகிற ஊர்க்காரி நான். இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர் என்பது பிறகுதான் புரிந்தது. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி, துவைக்க, கழுவ. மாநகராட்சி விடுவது நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க. அது தினமும் வராது. வருகிற நாளிலும் நேரம் சொல்லிவிட்டு வராது. வாசலில் ஒரு குழி, குழிக்குள் குழாய். தண்ணீர் மேலே ஏற அழுத்தம் போதாது என்பதால் குழாயே கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். குனிந்து குடத்தை அதற்குள் இறக்கி, நிறைந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும்.

வந்து மூன்றாவது வாரம். நான் அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கு முடித்து இருட்டிய பிறகு வருகிறேன். கணவருக்கு இரவு ஷிப்ட். வீதியெல்லாம் ஈரம், தண்ணீர் வந்து நின்றுபோயிருக்கிறது. வீட்டில் ஒரு சொட்டு கிடையாது. மனசுக்குள் திட்டிக்கொண்டே பூட்டைத் திறக்கப் போனால், கதவோரம் என் நீல டிரம், இரண்டு குடங்கள், ஒரு சருவம், மிளகாய்ப் பொடி வந்த எவர்சில்வர் தூக்கு, எல்லாம் விளிம்பு வரை நிறைந்து, மேலே தட்டு போட்டு மூடி இருக்கின்றன. தூக்கைக்கூட விடவில்லை!

எதிர் வீட்டு அக்கா. அதுவரை நான் அவரிடம் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும்.

போய், "ரொம்ப நன்றிக்கா, நான் ஏதாவது தரணுமா?" என்று கேட்டுவிட்டேன். தண்ணீர் பிடித்துத் தருகிறவர்களுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் இருக்குமோ என்று ஒரு நினைப்பு. அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் அம்மிணி, தண்ணிக்குக் காசா? நாளைக்கு நானு ஒரம்பரைக்குப் போனா நீ புடிச்சு வெக்க மாட்டயா?" என்றார்.

ஒரம்பரை என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உறவுக்காரர் வீடு, விருந்தாளி, இரண்டுக்கும் இங்கே அதுதான் சொல். ஆனால் அந்தக் கேள்வியின் பொருள் தெரிந்தது. நான் கடனைத் தீர்த்துவிடப் பார்த்தேன். அவர் கடன் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு ஊருக்குப் போகிற நம்மில் பலருக்கு ஒரு பெருமை உண்டு. 'நாங்க யாரையும் தொந்தரவு பண்றதில்ல' என்போம். தண்ணீர் வேண்டுமா, கேன் வாங்கிக்கொள்வோம். கறிவேப்பிலை இல்லையா, போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலில் வந்து நிற்கும். ஒருத்தர் தயவும் வேண்டாம். பத்து வருஷம் கழித்தும் அந்த வீதியில் அவர்கள் 'அந்த மூணாவது வீட்டுக்காரங்க'தான். கேன் போடுகிற தம்பிக்கு மட்டும் பேர் தெரிந்திருக்கும். சின்னச் சின்னதாகக் கடன்படுங்கள் என்பேன் நான். அரை டம்ளர் தயிர் உறைக்கு வாங்குங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே? அதில் நாலு முறுக்கு போகும். அது திரும்பி வரும்போது அதில் கச்சாயம் என்கிற இந்தப் பக்கத்து வெல்லப் பலகாரம் வரும். கணக்கு நேராகவே கூடாது. நேரானால் பேச்சு நின்றுவிடும்.

பேச்சு என்றதும் இந்த ஊர்ப் பேச்சைப் பற்றி ஒன்று. எல்லாருக்கும் தெரிந்த 'ங்க'. கண்டக்டர் "எங்கீங்க போகோணும்?" என்பார். காய்க்காரர் "தக்காளி வேணுங்களா?" என்பார். பள்ளிக்கூடப் பையனைக்கூட "வாங்க கண்ணு" என்பார்கள். எங்கள் பக்கம் நெருங்கினவர்களிடம் 'வா, போ'தான், மரியாதை என்றால் கொஞ்சம் தள்ளி நிற்பது. அதனால் முதல் சில மாதம் இந்த 'ங்க' எனக்கு ஒரு கம்பிவேலி மாதிரி இருந்தது. எல்லாரும் இனிமையாகப் பேசுகிறார்கள், ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை என்று கணவரிடம் புலம்பியிருக்கிறேன். ஒரு நாள் எதிர் வீட்டு அக்கா தன் மருமகனைத் திட்டுவதைக் கேட்டேன். அத்தனை கோபம், அத்தனை வசவு, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்க'! அன்றோடு வேலி போய்விட்டது.

மற்ற சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. துணியைப் பொடக்காலியில் காயப்போடுங்கள் என்றால் வீட்டுக்குப் பின்புறம். மளிகைக் கடையில் 'செலவுச் சாமான்' என்றால் மிளகு சீரகம் மல்லி வகையறா, அதை வறுத்து அரைத்து வைப்பது செலவு ரசம். டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டால் இங்கே பேக்கரிக்குத்தான் போவார்கள். எங்கள் ஊரில் பேக்கரி என்றால் பிறந்தநாள் கேக். இங்கே தேங்காய் பன்னும் டீயும், வாசலில் நின்றுகொண்டு அரசியலும்.

அரிசிம்பருப்புச் சோற்றை முதலில் சாப்பிட்டபோது, பாவம், சாம்பார் சாதம் வைக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு சீரகம், எல்லாம் ஒன்றாக ஒரே பாத்திரத்தில். புளி கிடையாது. இப்போது ஊருக்குப் போனால் நான் அதைச் செய்கிறேன், அம்மா அதே சந்தேகத்தோடு பார்க்கிறாள்.

காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இது என் தொழில் சம்பந்தப்பட்டது. பழைய ஊர்த் தபால் நிலையத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், உங்களுக்கு வருகிற தபாலைத் திருப்பி விடுவார்கள். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஆதாரில் முகவரியை முதலில் மாற்றினால் ரேஷன் கார்டு, கேஸ், வங்கி எல்லாம் அதன் பின்னால் சுலபமாக வரும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறினால் வண்டி நம்பரை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் ஸ்கூட்டர் இன்னும் டி.என்.50 தான். லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஒருத்தர் பக்கத்தில் வந்து, "திருவாரூர்ல எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். பச்சை விழுவதற்குள் அவர் நீடாமங்கலம் என்பது வரை தெரிந்துகொண்டோம்.

இன்னொன்று. நுழைந்த அன்றே வீட்டின் சுவர்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த லைன் வீட்டைக் காலி செய்தபோது வெள்ளையடிக்க, குழாய்க்கு, ஆணி ஓட்டைக்கு என்று சொல்லி அட்வான்ஸில் பாதி திரும்பவே இல்லை. எங்களுக்கு முன்பிருந்தவர்கள் அடித்த ஆணிகள் அவை! ஆனாலும் அடுத்த வீட்டை அதே வீதியில்தான் பார்த்தோம். காரணம் உங்களுக்கே தெரியும்.

முதல் வருஷம் நான் செய்த பெரிய தப்பு, பதினைந்து நாளைக்கு ஒருதரம் செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்கு ஓடியது. இரவு ஏறினால் விடியும்போது அம்மா வீடு, வேறென்ன வேண்டும்? ஆனால் ஒரு வீதி வீதியாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்றைக்குத்தான் வாசலில் வெங்காயம் உரிப்பார்கள், பையன்கள் பந்து விளையாடி ஓடு உடைப்பார்கள். அந்த நாட்களையெல்லாம் நான் ரயிலில் விட்டுவிட்டேன். ஊரை மறக்கச் சொல்லவில்லை. முதல் ஆறு மாதத்துக்கு டிக்கெட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வருஷம் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. போகியன்று பழைய பாயைக் கொளுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அக்காவின் பேரன் ஒரு கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூளைப்பூ, மஞ்சளாக ஆவாரம்பூ, கூட வேப்பிலை. இங்கே அன்றைக்குக் காப்புக்கட்டு. வாசல் நிலையில் அந்தக் கொத்தைச் செருகி வைக்க வேண்டும். எனக்கு எட்டவில்லை. பையன் ஸ்டூல் போட்டு ஏறிச் செருகினான், பூளைப்பூ என் தலையெல்லாம் உதிர்ந்தது. "உங்கூட்டுக்கும் காப்புக் கட்டியாச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் குதித்து ஓடினான்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் பூர்வீகம் கேட்க ஆரம்பித்தால் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930-களில் நீலகிரி மலையிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்தது, மில்லுக்கு மேல் மில், பட்டறைக்கு மேல் பட்டறை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிற நெசவாளர்கள், பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்தவர்கள், குஜராத்திலிருந்து பஞ்சு வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் என்றைக்கோ ஒரு நாள் மூட்டையோடு இறங்கினவர்கள்தான். இப்போது என் கவுன்ட்டருக்கு ஒடிசா, பிகார் தம்பிகள் வருகிறார்கள். பவுண்டரியில் வேலை, நகக்கண்ணில் கரி. ஒருவனிடம் விலாசம் கேட்டேன். கதவு எண் தெரியவில்லை, வீதிப் பேர் தெரியவில்லை. "பேக்கரி பின்னாடிங்க" என்றான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது பத்துச் சொல் இருக்கும், அதில் 'ங்க' இருக்கிறது! படிவத்தில் பின்கோடு கட்டத்தில் அவன் கை அவனுடைய ஊர் எண்ணை எழுதப் போய் நின்றது. நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் வீதிக் குழாயில் வருவது சிறுவாணியா பில்லூரா என்று இன்னமும் சண்டை நடக்கிறது. சிறுவாணி என்றால் ருசி, பில்லூர் என்றால் ஒரு மாற்றுக் குறைவு என்று பேச்சு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு மத்தியானம் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஓட்டிப் பார்த்தேன். சிறுவாணி ஆறு பவானியில் சேர்கிறது. பில்லூர் அணையே பவானியின் குறுக்கேதான். பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரி கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலம் பக்கத்தில் பாமணியாறாகி மன்னார்குடிக்குப் போகிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்போ நீங்க குடிச்ச மிச்சந்தான் எங்களுக்கா?" என்றாள்.

இந்த உரையை ஒலிப்பதிவு செய்கிற இன்றைக்கு எங்கள் வீதிக்குத் தண்ணீர் வருகிற நாள். மாடியில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, சிவகாசிப் பக்கம். இரண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள். காலையில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி நாலு குடத்தை என் வாசலில் வைத்துவிட்டு, நன்றிக்கா என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாள். நான் போய்க் குழிப் பக்கத்தில் நிற்கோணும். கிளம்பறேனுங்க. வணக்கம்.