ஏழு வயதில் தத்துவமா?

அடுத்த கேள்வி, இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சரிடமிருந்து: "பிள்ளைகளுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுங்கள் என்கிறார்கள். ஏழு வயதில் தத்துவமெல்லாம் புரியுமா? நீதிக்கதை சொன்னால் போதாதா?"

கதை சொல்லுங்கள், தப்பே இல்லை. ஆனால் கதை முடிந்து "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டதும், உங்கள் முகத்தைப் பார்த்தே "பொய் சொல்லக் கூடாது மிஸ்!" என்று கோரஸ் பாடிவிடுவார்கள். அதில் யோசனை எங்கே இருக்கிறது?

ஒரு வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். "பென்சிலை எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பதுதான் நியாயமா?" என்று டீச்சர் கேட்டார். ஆமாம் என்று ஒரே குரல். அப்புறம் ஒரு பையன், "அவன்கிட்ட ஏற்கெனவே பத்து இருக்கே, இவளிடம் ஒன்றுகூட இல்லையே" என்றான். பின்வரிசையில் ஒரு சிறுமி, "அவன் பத்திரமா வச்சிருந்தான், இவ தொலைச்சிட்டா. மறுபடி எதுக்குக் கொடுக்கணும்?" என்றாள். ஒரே சத்தம். அந்தப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொலைச்சாளா, யாராவது எடுத்தாங்களான்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும்" என்றான். சமம், தேவை, பொறுப்பு மூன்றும் வந்துவிட்டன. தான் சொன்னதைத் தானே திருத்திக்கொண்டான் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மாத்யூ லிப்மன், கல்லூரியில் சிந்திக்கச் சொல்லித் தருவது காலம் கடந்த வேலை என்று நினைத்து, 1974இல் குழந்தைகளுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்.

மார்க் கூடுமா என்றால், அதை நம்பி இறங்காதீர்கள். இங்கிலாந்தில் இந்த முறையைப் பற்றி 48 பள்ளிகளில் செய்து 2015இல் வெளியான ஆய்வில் வாசிப்பும் கணக்கும் சற்றுக் கூடின. பிறகு இன்னும் பெரிய அளவில் செய்தபோது வாசிப்பில் அந்த ஏற்றம் தெரியவில்லை.

சரி, நாளைக்கு என்ன செய்யலாம்? கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம். கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து காட்டினார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பதில் வந்ததும் "சபாஷ்" வேண்டாம். "ஏன் அப்படி நினைக்கிறாய்? வேறு மாதிரி நினைப்பவர் யார்?" போதும். விநாடியை மனதுக்குள் எண்ணுங்கள். உதடு அசைந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்து, கூடவே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.