சத்தமில்லாத வால்வை முதலில் பாருங்கள்: ஸ்கூட்டியின் டப்பட் இடைவெளியை வீட்டிலேயே சரிசெய்தல்

வணக்கம். ஸ்கூட்டியின் வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பதை, அதாவது நம் ஊரில் டப்பட் வைப்பது என்று சொல்லுகிற வேலையை, வீட்டு முற்றத்திலேயே எப்படிச் செய்வது என்று இந்த வீடியோவில் காட்டுகிறேன். எஞ்சின் 'டிக் டிக்' என்று அடிக்கத் தொடங்கிய பிறகுதான் டப்பட்டைப் பார்க்க வேண்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். தளர்ந்த டப்பட் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகிப்போன டப்பட் எந்தச் சத்தமும் இல்லாமல் வால்வை எரித்துவிடும். அதனால் இன்று நாம் அதிகம் தேடப்போவது அந்த இறுக்கத்தைத்தான்.

[திரையில்: முற்றத்தில் நடுத்தாங்கியில் நிற்கும் ஸ்கூட்டி]

இது என் அக்காவின் ஸ்கூட்டி. நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குத் தினமும் கடற்கரை வீதியால் ஓடுகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை, கையிலிருக்கிற வண்டியையே பேணி ஓட்ட வேண்டிய நிலை எல்லோருக்கும் இருந்தது. அதனால் திருகோணமலை வீதிகளில் ஓடுகிற ஸ்கூட்டிகளில் பல இன்று வயது போனவைதான். "சத்தமே இல்லாம ஓடுது, இதையேன் கழட்டுறாய்?" என்று அக்கா கேட்டார். ஆனால் காலையில் செல்ஃப் அடித்தால் உடனே பிடிப்பதில்லை, சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, உவர்மலை ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிளக்கும் காற்று வடிகட்டியும் சரியாக இருந்தும் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், நான் அடுத்ததாகப் பார்ப்பது வால்வைத்தான்.

முதலில் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

[திரையில்: சிலிண்டர் ஹெட்டின் வரைபடம்]

நான்கு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் பெற்றோலும் காற்றும் உள்ளே வர ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேற இன்னொரு வால்வும் உண்டு. புடைப்புகள் உள்ள கேம் தண்டு சுழலும்போது, ரொக்கர் என்ற சிறு நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வின் தண்டை அழுத்தி அதைத் திறக்கிறது. ரொக்கரின் முனையிலுள்ள திருகாணிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மயிரிழை அளவு இடைவெளி விடப்படுகிறது. சூடேறும்போது உலோகம் நீளும். அந்த நீட்சிக்கு இடமில்லாவிட்டால், மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் வால்வு சிறிது திறந்தே நிற்கும். புகை வெளியேறும் வால்வு தன் வெப்பத்தில் பெரும்பங்கை, மூடும்போது தான் பொருந்தும் வளையமான இருக்கையில் அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டுக்குக் கடத்துகிறது. முழுமையாக உட்காராத வால்வு ஆறுவதற்கு வழியில்லாமல், விளிம்பால் பீறிடும் எரிவாயுவில் கருகத் தொடங்குகிறது. ரொக்கரும் கேமும் தேய்ந்தால் இடைவெளி கூடும். வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்தால் வால்வு மேலே ஏறி இடைவெளி குறையும். எஞ்சின் பழகப் பழகச் சத்தம் குறைந்துகொண்டு போனால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் கைநூலிலிருந்தே எடுங்கள். வண்டிக்கு வண்டி அது மாறும்; ஒரே எஞ்சினில்கூட இரண்டு வால்வுக்கும் வெவ்வேறு அளவு இருக்கலாம், பெரும்பாலும் புகை வால்வுக்குக் கூடுதலாக இருக்கும். விளக்குவதற்காக இங்கே நான் 0.10 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்கிறேன். திருகாணிக்குப் பதிலாகச் சிறு தகடுகளால் இடைவெளி வைக்கும் எஞ்சின்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது, கராஜில் கொடுத்துவிடுவதே நல்லது.

இந்த அளவுகள் எல்லாம் ஆறிய எஞ்சினுக்கு உரியவை. ஹொண்டாவின் சேவைக் கைநூல்கள் எஞ்சின் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லுகின்றன. கச்சான் என்கிற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் மத்தியான வெயிலே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும் என்பதால், ஓட்டி வந்து இரண்டு மணித்தியாலம் விட்டோம் என்ற கணக்கு இங்கே சரிவராது. இரவு நிழலில் நிறுத்தி, விடிந்ததும் ஸ்டார்ட் பண்ணாமலே வேலையைத் தொடங்குங்கள்.

[திரையில்: துருப்பிடித்த ஆணித் தலை, மிக அருகில்]

இந்த ஆணியைப் பாருங்கள். தலையில் துரு ஏறி, நட்சத்திர வெட்டு பாதி நிரம்பிவிட்டது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடுகிற வண்டி எதிலும் இதைக் காணலாம். ஆணி இரும்பு, அது இறங்கியிருக்கும் உடல் அலுமினியம். உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவில் புகுந்தால் ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். பலத்தைக் காட்டித் திருகினால் ஆணியின் தலை வழுக்கும், அல்லது அலுமினியப் புரி பெயர்ந்து வரும். முதல் நாள் இரவே ஒவ்வோர் ஆணியின் அடியிலும் துரு நீக்கும் எண்ணெயை விட்டுவையுங்கள். திருப்பும் முன் ஸ்க்ரூ டிரைவரை வெட்டில் நேராக வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலான ஆணிகள் இளகும். திரும்ப மாட்டும்போது புரியில் மெல்லிய கிறீஸ் பூசினால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

சீற்றுக்குக் கீழேயுள்ள பெட்டியையும், எஞ்சினின் தலையை மறைக்கும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றியதும் வால்வு மூடி தெரியும். அதைத் திறப்பதற்கு முன், சுற்றியிருக்கும் மணலையும் தூசியையும் தூரிகையால் தட்டி, துணியால் துடையுங்கள். திறந்த ஹெட்டுக்குள் விழும் மணல் ஒயிலோடு போய் கேமைத் தேய்க்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சுத்தமான துணியைச் செருகிவிடுங்கள். பிளக் இல்லாதபோது அமுக்கம் இல்லாததால் எஞ்சினைக் கையாலேயே சுழற்றலாம். மூடியைத் திறக்கும்போது சிறிது ஒயில் வடியும், கீழே ஒரு தட்டம் வைத்தால் போதும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. வீட்டில் டப்பட் வைக்கும்போது தவறுகிறவர்களில் அதிகமானோர் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள்.

[திரையில்: வலப்பக்க விசிறி மூடி கழற்றப்பட்டு, சக்கரத்திலுள்ள டி குறி தெரிகிறது]

வலப்பக்கத்தில் குளிர்விக்கும் விசிறிக்குப் பின்னால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பறக்கும் சக்கரம் (ஃப்ளைவீல்) இருக்கிறது. அதில் 'டி' என்ற எழுத்தும் ஒரு கோடும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு எஞ்சினின் உடலிலுள்ள குறிக்கு நேரே வரும்போது பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. வலப்பக்கம் நின்று பார்த்தபடி, கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகச் சுழற்றுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாமல், இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பின்னோக்கித் திருப்பினால் கேம் தண்டைச் சுழற்றும் சங்கிலியில் தளர்வு வந்து கேமின் நிலை சற்றுப் பிசகிவிடும்.

பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றுகிறது. ஆகவே டி குறி இரண்டு தடவை நேரே வரும்: ஒன்று இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அமுக்க அடியின் முடிவில், மற்றது புகை வெளியேறி முடிந்து புதுக் காற்று நுழையத் தொடங்கும் நேரத்தில், இரண்டு வால்வுகளுமே சற்றுத் திறந்திருக்கும் நிலையில். நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவது நிலையில் அளந்தால் இடைவெளியே இல்லாததுபோல் தோன்றும், அதை நம்பித் தளர்த்தினால் எஞ்சின் தறிகெட்டு அடிக்கும். சரியான நிலையில் இரண்டு ரொக்கர்களையும் விரலால் அசைத்தால் இலேசாக ஆடும். ஆடாவிட்டால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் ஒன்று மட்டும் ஆடாமல் நின்றால், அதுவே நாம் தேடி வந்த இறுகிய வால்வாக இருக்கலாம். கேமின் பல்சக்கரத்திலுள்ள குறி ஹெட்டின் விளிம்போடு கைநூல் சொல்லுகிறபடி பொருந்துகிறதா என்பதையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

[திரையில்: ஃபீலர் கேஜ் தகடுகள் விரிக்கப்படுகின்றன]

இப்போது ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்க வெவ்வேறு தடிப்பில் உள்ள மெல்லிய தகடுகளின் கட்டு. மேலேயுள்ளது காற்று வால்வு, அதில் தொடங்குவோம். 0.10 தகட்டில் ஒயில் தடவி, திருகாணிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் செலுத்துங்கள். ஓட்டமாகப் போனால் இடைவெளி கூட. முனையே நுழையாவிட்டால் குறைவு. கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை இழுக்கும்போது கையில் தெரியும் பிடிமானம் தெரிந்தால் சரி. அந்தப் பிடிமானம் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு மாதிரி என்பதால், நான் அதை மட்டும் நம்புவதில்லை. 0.08 தகடு தாராளமாகப் போக வேண்டும், 0.12 தகடு போகவே கூடாது. இரண்டும் ஒத்துவந்தால் நடுவில் இருப்பது சரியான அளவுதான்.

புகை வால்வு கீழே, சைலன்சர் குழாயின் பக்கம் இருக்கிறது. வண்டியின் அடியில் சாய்ந்து படுத்து, கண்ணுக்குப் பாதியும் கைக்குப் பாதியுமாகச் செய்ய வேண்டிய வேலை அது. தகட்டின் முனையைச் சிறிது வளைத்துக்கொண்டால் நேராக நுழையும். சாய்ந்து நுழைந்த தகடு இறுக்கமாக இருப்பதுபோல் ஏமாற்றும். அக்காவின் ஸ்கூட்டியில் காற்று வால்வு அளவோடுதான் இருந்தது. புகை வால்வில் 0.05 தகடுகூட நுழையவில்லை. சத்தம் இல்லாததன் காரணம் இதுதான்.

[திரையில்: லொக் நட்டைப் பிடித்த ஸ்பானரும், திருகாணியைப் பிடித்த கருவியும்]

திருகாணியை அசையாமல் பூட்டி வைக்கும் லொக் நட்டைத் தளர்த்தி, திருகாணியைச் சிறிது பின்னுக்கு எடுத்து, தகட்டை உள்ளே வைத்தபடியே பிடிமானம் வரும்வரை மெல்லத் திருப்புங்கள். திருகாணியின் தலை சில எஞ்சின்களில் சதுரமாகவும், சிலவற்றில் ஸ்க்ரூ டிரைவர் வெட்டோடும் இருக்கும். சரியான கருவி இல்லாமல் குறட்டால் பிடித்தால் தலை உருண்டுவிடும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. நட்டை இறுக்கும்போது திருகாணியும் அதோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும். ஒரு கையால் திருகாணியை அசையாமல் பிடித்து, மறு கையால் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கி முடித்ததும் கட்டாயம் மறுபடியும் அளக்க வேண்டும். எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் இறுக்கத்தில் அளவு சற்று மாறுவது வழமை; இரண்டு மூன்று தடவை தளர்த்தி இறுக்க வேண்டி வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அதே டி குறிக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகி வெடித்திருந்தால் புதிதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒயில் கசியும். பிளக்கை முதலில் விரலாலேயே புரியில் ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பானரைப் பிடியுங்கள். விசிறி மூடியை மாட்டாமல் எஞ்சினை ஓடவிட வேண்டாம்; காற்று சிலிண்டருக்குப் போகாமல் சூடேறிவிடும்.

[திரையில்: எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது]

கேட்கிறதா? முன்பு இல்லாத ஒரு மெல்லிய 'டிக்' இப்போது வருகிறது. அளவு சரியாக வைத்த டப்பட்டில் அந்தச் சிறு ஓசை இருக்கும். அது பிடிக்கவில்லை என்று இன்னும் இறுக்கிவிடாதீர்கள். ஒரு சிறிய ஓட்டம் போய் வந்து, மூடியைச் சுற்றி ஒயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்று கிலோமீற்றர் மீற்றர் காட்டும் எண்ணையும், சரிசெய்யும் முன் இரண்டு வால்வுகளிலும் இருந்த அளவையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கைநூல் சொல்லும் அடுத்த தவணையில் அளக்கும்போது, புகை வால்வு மீண்டும் இதே வேகத்தில் இறுகியிருந்தால், திருகாணியைத் திரும்பத் திரும்பத் தளர்த்துவதில் பயனில்லை. வால்வோ அதன் இருக்கையோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அமுக்கத்தை அளந்து பார்த்து, ஹெட்டைக் கழற்றி வால்வை அரைத்து வைக்கும் வேலையைக் கராஜில்தான் செய்விக்க வேண்டும்.