விடுவதற்கு முந்திய கிழமை

வணக்கம். வன்னியில் பல் வைத்தியம் பார்க்கிறவன் என்பதால்தான் இன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புகைத்தல் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அது சிகரட் பெட்டியிலேயே 80 வீத இடத்துக்குப் படத்தோடு போட்டிருக்கிறது, அப்படியும் வாங்குகிறோம். விடுவது என்று முடிவெடுத்தவர்கள் அதற்கு முந்திய கிழமையில் என்ன செய்யலாம் என்பதைத்தான் கதைக்கப் போகிறேன்.

நிறையப் பேர் வருஷப் பிறப்பு, கோயில் கொடியேற்றம் என்று நாள் பார்த்து, வேறு ஒரு ஆயத்தமும் இல்லாமல் விடுகிறார்கள். நாள் குறிப்பது நல்லதுதான், ஆனால் சூடடிப்பு நேரத்திலோ, யானைக்கும் பன்றிக்கும் காவல் கொட்டிலில் விழித்திருக்கிற நாட்களிலோ குறிக்காதீர்கள். புகையிலையில் அடிமைப்படுத்துகிற பொருளான நிக்கோட்டின் இல்லாத முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் ஆக மோசம்: எரிச்சல், நித்திரைக் குறைவு, பசி, கண்ணில் படுகிற எல்லோரிலும் கோபம். அப்புறம் சில கிழமைகளில் மெல்ல மெல்லத் தணியும். சரி, அப்படியென்றால் வேலை இல்லாத நாள் நல்லதா? அதுவும் இல்லை. முல்லைத்தீவில் கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போக முடியாத நாட்களில்தான் கரையில் கூடியிருந்து பீடி கை மாறுகிறது. கைக்கு வேலை இருக்கிற, ஆனால் உடம்பை முறிக்காத நாட்களாகப் பாருங்கள்.

அந்த முந்திய கிழமையில் வழக்கம்போலப் புகையுங்கள், வெற்றிலை போடுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் எப்போது, யாரோடு, என்ன செய்துகொண்டு என்று பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாமார் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிக்கலாம், அவர்களும் இந்தக் கதைக்குள் வருகிறவர்கள்தான், வெற்றிலை உரல் வைத்திருக்கிற யாரையும் நான் விடப்போவதில்லை. எழுதிப் பார்த்தால் பல முறை ஆசையே இல்லாமல் பழக்கத்தில் பற்ற வைத்தது என்று தெரியவரும். காலைத் தேத்தண்ணியோடு ஒன்று, மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் ஒன்று, இப்படி. அந்த இடங்களில் முதலில் கை வையுங்கள், தேத்தண்ணியை வேறு இடத்தில் இருந்து குடியுங்கள். புகையை விட்டதும் தேத்தண்ணியையும் குறைக்க வேண்டும், ஏனென்றால் புகை இல்லாத உடம்பில் தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் கூடுதல் நேரம் தங்கும், அந்தப் படபடப்பைப் புகை ஆசை என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைத்துவிடுவோம். இழுப்புக்குத் தியோபிலின் குளிசை போடுகிறவர்களும் இதே காரணத்துக்காக, விடப் போவதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டி வரலாம்.

ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் அது இறங்கிவிடும். அந்த நேரத்துக்குக் கச்சானோ கராம்போ சட்டைப் பையில் இருக்கட்டும், தண்ணீர் குடியுங்கள், எழும்பி நடவுங்கள்.

வெற்றிலை போடுகிறவர்களில் பலர் 'புகையிலையை மட்டும் எடுத்துவிட்டேன், பாக்குத்தானே' என்று என்னிடம் சொல்கிறார்கள். பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும், அதற்கும் அடிமைப்படுத்துகிற குணம் இருக்கிறது. ஆகவே கொப்பியில் பாக்கையும் சேர்த்தே எழுதுங்கள்.

எங்கள் பக்கத்தில் கடினமான இடம் செத்த வீடு. தட்டத்தில் வெற்றிலை, பக்கத்தில் சுருட்டு, பீடி என்று யாரோ நீட்டுவார்கள், மறுத்தால் மரியாதை இல்லை என்று நினைக்கிறோம். வீட்டுக்காரரிடம் முன்பே ஒருவரை விட்டுச் சொல்லி வைத்தால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். இல்லாவிட்டால் பந்தல் வேலையிலோ தண்ணீர் கொடுக்கிற வேலையிலோ நின்றுவிடுங்கள், கை நிறைய வேலை இருக்கிறவனுக்கு ஒருவரும் தட்டம் நீட்டமாட்டார்கள்.

தனியாக முடியவில்லை என்றால் புகைத்தலை விட உதவுகிற 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலும் கதைக்கலாம். விடுகிற நாளுக்கு முன் ஒரு தரம் வாயையும் காட்டிவிடுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் முன்போல அகலத் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்ட பிறகு பார்ப்போம் என்று இருக்காமல் உடனே பக்கத்து வைத்தியசாலையின் பல் பகுதிக்கு வாருங்கள். புகைக்கிறீர்களே என்று அங்கே ஏசுவார்கள் என்று பயப்பட வேண்டாம், குறைந்தபட்சம் நான் ஏசமாட்டேன்.