முக நரம்புப் பக்கம் ஆபரேஷன் ஆனவர்கள் த்ரெடிங், வேக்ஸிங் செய்யலாமா?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு கம்மல், பக்கத்தில் அதன் திருகாணி]

எங்கள் சித்தி போன வருடம் மட்டும் மூன்று திருகாணி தொலைத்தார். கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கத்துக் காது மடல் மரத்துப்போய்க் கிடந்தது. காதுக்குக் கீழே, எச்சில் சுரக்கிற பரோட்டிட் சுரப்பியில் ஒரு கட்டி, அதை எடுக்க ஆபரேஷன். டாக்டர் அந்தச் சுரப்பியின் பேரைச் சொன்னபோது சித்தப்பாவுக்குப் பரோட்டா என்றுதான் காதில் விழுந்தது, மதுரைக்காரர், என்ன செய்வது! பொன்னுக்கு வீங்கி வந்தால் காதோரம் புஸ்ஸென்று வீங்குமே, அந்தச் சுரப்பிதான்.

நாலு மாதம் கழித்து வீட்டில் கல்யாணம். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த வாய்க் கோணல் எல்லாம் சரியாகிவிட்டது, அதனால் தெப்பக்குளம் பக்கம் ஒரு பார்லரில் புருவம் திருத்தி, காதோரத்து முடியையும் எடுத்துவிட்டு வரலாம் என்று போனார். அங்கே இருந்த பெண் வேக்ஸைத் தடவிக்கொண்டே, "சூடு ஓகேவாக்கா?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் தெரியலம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சித்தி சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் தாடை ஓரத்தில் நீர் கோத்த கொப்புளம், அதையும் பார்த்தது அவருடைய மகள். சித்தி சொன்னது பொய்யில்லை, உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பிரச்சினையே.

[காட்சி: முகத்தின் கோட்டு ஓவியம், காதுக்குக் கீழிருந்து ஐந்து கிளைகள்]

இந்த மாதிரி ஆபரேஷன் ஆனவர்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: நூல் போட்டு இழுத்தால் நரம்பும் சேர்ந்து இழுத்துக்கொள்ளுமா, லேசர் பட்டால் வாய் மறுபடி கோணிவிடுமா? தையல் ஆறிய தோலில் அப்படி நடக்காது. முகத்தை அசைக்கிற நரம்பு ஏழாவது மூளை நரம்பு. காதுக்குப் பின்னால் எலும்பிலிருந்து வெளியே வந்து, அந்தப் பரோட்டிட் சுரப்பிக்குள்ளேயே புகுந்து, நெற்றி, கண், கன்னம், கீழுதட்டு ஓரம், கழுத்து என்று ஐந்து கிளையாகப் பிரிகிறது. இது ஓடுவது தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முடி வேர் இருப்பதோ தோலின் மேல் சில மில்லிமீட்டரில். நூல் அவ்வளவு ஆழம் போகாது. லேசர் தேடிப் போவது முடியின் கருமையை, அந்தக் கருமை நரம்பில் கிடையாது.

அப்புறம் எதில்தான் ஆபத்து? முகத்தை அசைக்கிற நரம்பு வேறு, தொட்டால் உணர்கிற நரம்பு வேறு. உணர்வு பெரும்பாலும் ஐந்தாவது மூளை நரம்பின் வேலை. காது மடலுக்கும் தாடை முனைக்கும் மட்டும் கழுத்திலிருந்து ஒரு நரம்பு ஏறி வருகிறது, பரோட்டிட் ஆபரேஷனில் அதிகம் அடிபடுவது அதுதான். அதனால் முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவருக்குத் தொடு உணர்வு முழுசாக இருக்கலாம், சித்தி மாதிரி வாய் நேராக இருப்பவருக்குத் தாடையில் கையகல இடம் மரத்துக் கிடக்கலாம். "வாய்தான் சரியாயிருச்சே" என்பதை வைத்துப் பார்லருக்குக் கிளம்பினால் கணக்குத் தப்பும்.

[காட்சி: இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் மிதமான வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர்]

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வேறு ஒருவர் முதலில் பஞ்சால் தொடட்டும், அப்புறம் இந்த டம்ளர்களை மாற்றி மாற்றி இரண்டு கன்னத்திலும் வைக்கட்டும். வெந்நீர் என்றால் கையில் பிடிக்க முடிகிற சூடு போதும், சுட்டுக்கொள்ளாதீர்கள். எது சூடு, எது குளிர்ச்சி என்று தப்பாகச் சொன்ன இடத்தை ஐப்ரோ பென்சிலால் வட்டம் போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டரிடமும் காட்டுங்கள், பார்லரிலும் காட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், வட்டம் சிறுத்திருக்கலாம். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும், 10 சென்டிமீட்டர் போக வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு மேல். தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருடம்கூட ஆகும்.

அந்த வட்டத்துக்குள் சூடான வேக்ஸ் வேண்டவே வேண்டாம். முடி நீக்கும் க்ரீமும் அப்படித்தான், எரிச்சல் வந்தால் உடனே கழுவு என்று அட்டையில் போட்டிருப்பார்கள், எரிச்சலே தெரியாதவர் எதை வைத்துக் கழுவுவார்? லேசரிலும் பொறுக்க முடியாத எரிச்சல் என்று நாம் சொல்வதை வைத்துத்தான் இயந்திரத்தைக் குறைப்பார்கள். நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் லேசர்தான் ஓரளவு பத்திரம், அதையும் தோல் டாக்டரிடம் செய்வதே நல்லது. முகத்தில் லேசர் செய்து சிலருக்கு முடி கூடுதலாக முளைப்பதும் உண்டு, நம் தெற்காசியப் பெண்களிடம் அது கொஞ்சம் அதிகம். இதைப் பேக்கேஜ் விற்கிறவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பேட்டரியில் ஓடுகிற சின்ன ட்ரிம்மர் என்றால் எனக்குக் கவலை இல்லை. தோலைச் சுடாது, இழுக்காது, மழித்தால் முடி தடித்து வளரும் என்பதும் வெறும் பேச்சு. பிளேடு வேறு கதை. ஆண்களே, சலூனில் நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே "அண்ணே, இந்தப் பக்கம் மரத்திருக்கு, மிஷின் மட்டும் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள், வெட்டுப்பட்டால் கண்ணாடியில் ரத்தம் பார்த்துத்தான் உங்களுக்கே தெரியும்.

[காட்சி: முழுசாக மூடாத கண், இமைகளுக்கு நடுவே வெள்ளைக் கீற்று]

இனி கண். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். ஏழாவது நரம்பு சோர்ந்திருந்தால் இமை முழுசாக மூடாது. பார்லரில் தலைக்கு மேல் ஃபேன், அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன், புருவத்தில் கொட்டிய பவுடர், அறுந்த முடி, எல்லாம் நேராகக் கருவிழியில். காது நரம்புக் கட்டி ஆபரேஷன் ஆன சிலருக்கு ஐந்தாவது நரம்பும் சோர்ந்திருக்கும், அவர்களுக்குக் கண்ணில் தூசி விழுந்தாலும் உறுத்தாது, புண்ணான பிறகுதான் தெரியும். அதனால் முதலில் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து, அப்புறம் இமையை விரலால் மெதுவாக மூடிப் பிடித்துக்கொள்வது, அதன் பிறகு நூல். ப்ளீச் வேண்டாம், அந்த நெடியே போதும் கண்ணைக் கலங்கடிக்க.

இங்கே ஒரு துணுக்கு. மின்சார ஊசியால் முடி வேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸை 1875இல் எழுதி வைத்தவர் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் டாக்டர். அழகுக்காக அல்ல, கண்ணுக்குள் திரும்பிக் குத்துகிற இமை முடிக்காக. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற நம் மதுரையில் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஆனால் காதில் காக்ளியர் கருவி (காது கேட்பதற்காக ஆபரேஷன் செய்து உள்ளே வைப்பது) வைத்திருப்பவர்கள் முகத்தில் எந்த மின்சார வைத்தியத்துக்கும் முன்னால் அதை வைத்த டாக்டரைக் கேட்டாக வேண்டும்.

புருவத்தில் இன்னொரு சிக்கல். நரம்பு சோர்ந்த பக்கம் புருவம் இறங்கி நிற்கும். சமமாகக் காட்டலாம் என்று நல்லெண்ணத்தில் கீழிருந்து அதிகமாக எடுத்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் நரம்பு எழுந்து புருவமும் மேலே ஏறினால் இரண்டு பக்கமும் இரண்டு தினுசாக நிற்கும், முடியும் சீக்கிரம் வளராது. உதிரி முடியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், வடிவத்தில் கை வைக்க வேண்டாம்.

வாய்ப்புற்று ஆபரேஷனில் தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ தோல் எடுத்துக் கன்னத்தில் வைத்தவர்களுக்கு அந்தத் தோலின் முடியும் கூடவே வந்து வளரும், சில நேரம் வாய்க்குள்ளேயே. கூச்சப்படாமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள், கதிர்வீச்சு வாங்கிய தோல் என்றால் பார்லர் பேச்சே கிடையாது.

சித்திக்குக் கொப்புளம் ஆறி ஒரு கறுப்புத் தடம் மட்டும் மிச்சம். இப்போது புளியோ ஊறுகாயோ சாப்பிட்டால் அந்தக் கன்னத்தில் மட்டும் வியர்க்கிறது, சுரப்பிக்குப் போக வேண்டிய நரம்பு வழி மாறி வியர்வைச் சுரப்பியில் போய் ஒட்டிக்கொள்வதால் வருவது, ஃபிரே என்று பெயர், அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். அதே பார்லருக்குத்தான் இன்னும் போகிறார், புருவத்துக்கு மட்டும். அந்தப் பெண் இப்போது முதலில் எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்துதான் நூலைப் பல்லில் கடிக்கிறார்.