சென்னை - யாழ்ப்பாணம்: 27 நிமிடத்தில் போய்விட முடியாது மக்களே!

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்கு வந்த கமெண்ட்டுகளைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு 27 நிமிடம்தான், நீங்கள் ஒன்றேகால் மணி நேரம் என்று கதை விடுகிறீர்கள்" என்று ஏதோ ஒரு தூரக் கணக்குத் தளத்தின் ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தளத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது!

அது என்ன செய்கிறது தெரியுமா? இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போடுகிறது. சுமார் 355 கிலோமீட்டர். அது சரி. அதை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுக்கிறது. அது ஜெட் விமானத்தின் வேகம். நான் போனது ஏடிஆர் 72, காற்றாடி வைத்த விமானம். முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் பறக்கும்.

கொழும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அதன் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ஜெட்டில் போனால் அட்டவணைப்படி ஒன்றரை மணி நேரம். தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, நேரமோ கால் மணிதான் கூடுதல்.

இன்னொன்று, அட்டவணையில் போடுகிற நேரம் வானத்தில் இருக்கிற நேரம் மட்டும் இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு போய் நிற்பது, எல்லாம் சேர்த்துத்தான். நான் ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தேன். சக்கரம் தரையை விட்டதிலிருந்து பலாலியில் தொட்டது வரை 54 நிமிடம். சக்கரம் தொட்டதை எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், சக்கரம் ஜன்னலுக்குக் கீழே இறங்கும். தார் தரையில் பட்டதும் டயரிலிருந்து புகை கிளம்பியதைக் கண்ணாலேயே பார்த்தேன். என்ன காட்சி!

அந்த வலது பக்க ஜன்னல் சீட்டுக்குத் தனியாக 400 ரூபாய் கட்டினேன். ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும். இந்த விமானம் 25,000 அடிக்கு மேல் போகாது என்பதால் கரை தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் கோடியக்கரை முனை வந்தது. அதைத் தாண்டினால் கடல், கொஞ்ச நேரத்தில் பனை மரங்கள்.

அப்புறம், சொல்ல மறந்துவிட்டேன், நேர வித்தியாசம் கிடையாது. இலங்கை நேரமும் இந்திய நேரமும் இப்போது ஒன்றுதான். கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

வெளியே காத்திருந்த ஆட்டோ அண்ணாவும் அதே தளத்தைப் பார்த்திருக்கிறார். "என்ன தம்பி, ஃபோனில அரை மணித்தியாலம் எண்டு கிடக்கு, இவ்வளவு நேரம் எங்க நிண்டனீங்கள்?" என்றார். சுன்னாகம் போகும் வரை அவருக்கு ஏடிஆர் கதைதான் சொல்லிக்கொண்டு போனேன்.

அடுத்தது திருச்சி - பலாலி. நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர்தான். ஸ்டாப்வாட்ச்சோடு போகிறேன். எத்தனை நிமிடம் என்று இப்போதே கமெண்டில் எழுதுங்கள், அந்தத் தளத்தைப் பார்க்காமல்!