பைக்குள் பை

நேயர்களுக்கு வணக்கம். கையில் ஏதாவது வேலை வைத்திருந்தால் ஒரு நிமிடம் கீழே வையுங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். பூட்டில் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு திணறுகிறது! கையின் வேலையில் ஏறக்குறைய 40 விழுக்காடு அந்த ஒரு விரலுடையது என்பது எங்கள் கணக்கு.

கை அறுவை சிகிச்சை செய்பவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, தகடு வெட்டும் பட்டறையிலிருந்து ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள். வலது கட்டைவிரல் துண்டாகியிருந்தது. கூட வேலை செய்தவர்கள் பதறாமல் விரலைத் தேடி எடுத்து, ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, டிபன் டப்பாவில் ஐஸுக்குள் புதைத்து, இரண்டே மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். டப்பாவைத் திறந்தேன். விரல் மெழுகுபோல் வெளுத்து விறைத்துக் கிடந்தது. ஐஸ் நேரடியாகப் பட்டதில் சதை உறைந்து போயிருந்தது. அதை ஒட்டவைக்க முடியவில்லை. அவர்கள்மேல் குற்றமே இல்லை, ஐயா. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறேன். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றுங்கள். சுத்தமான துணி, நன்றாகப் பிழிந்த துணி. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். பைக்குள் பை. விரலில் ஐஸும் படக்கூடாது, தண்ணீரும் புகக்கூடாது. வெட்டுப்பட்ட கையைத் துணியால் அழுத்திப் பிடித்து, உயர்த்தி வையுங்கள். குளிர்ச்சியாக வைத்த விரல் 12 மணி நேரம்கூடத் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைப் பக்கம் துண்டானால் அங்கே தசை இருக்கிறது, அது சீக்கிரம் கெட்டுவிடும், 6 மணி நேரத்துக்குமேல் ஆபத்து.

ஒட்டவைப்பது என்றால் நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ரத்தக்குழாயைத் தைப்பது. 1965இல் ஜப்பானின் நாராவில் கோமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் முழுவதும் துண்டான கட்டைவிரலை முதன்முதலில் இப்படி உயிர்ப்பித்தார்கள்.

அந்த இளைஞருக்கு என்ன செய்தோம்? பிறகு ஒரு நாள், கால் விரலை எடுத்துக் கையில் வைத்தோம். "டாக்டர், அப்புறம் செருப்பு எப்படிப் போடுவேன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எடுத்தது பெருவிரலை அல்ல, அதற்கு அடுத்த விரலை. இடைவெளியைச் சேர்த்துத் தைத்துவிட்டோம். செருப்பின் வார் பழையபடி நின்றது. ஓராண்டு கழித்து வந்தவர், என் மேசைமேல் கிடந்த குண்டூசியை இரு விரலால் எடுத்துக் காட்டினார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைக்குத் தரும் பயிற்சியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். இதை மட்டும் சொல்கிறேன்: தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்ப ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அந்தக் கையால் சூடான காபி டம்ளரைத் தொடாதீர்கள். சுடுவது தெரியாது, தோல் வெந்துவிடும்.