தூங்குற தட்டானை இருட்டுல தூக்கும் வௌவால்: இலையே கண்ணாடி ஆகுற வித்தை!

[திரையில்: கும்மிருட்டு. ஒரு இலை. அது மேல ஒரு தட்டான்.]

இந்தத் தட்டான் தூங்குது. சிறகு ஆடல, சத்தமும் இல்ல. வெறும் 5 முதல் 7 கிராம் எடையுள்ள ஒரு வௌவால் வந்து, இலை முன்னாடி ஒரு நொடி அந்தரத்துல நின்னு, தட்டானைக் கவ்விட்டுப் போயிடுது. எதிரொலியை மட்டும் வெச்சு இதைச் செய்யவே முடியாதுன்னுதான் ஆராய்ச்சியாளர்களே ரொம்ப நாள் நெனச்சாங்க.

வௌவால் மீயொலில, அதாவது நம்ம காதுக்கு எட்டாத உச்ச சுருதில கத்தி, எதிரொலி கேட்டு இரை பிடிக்கும். பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு, தாண்டுவோம். சிக்கல் இலைலதான் இருக்கு.

[திரையில்: 1 மில்லிசெகண்ட் = 34 செ.மீ.]

காத்துல சத்தம் 1 மில்லிசெகண்டுல 34 செ.மீ. ஓடும். போயிட்டுத் திரும்பணும், அதனால பாதி: 17. அதாவது வௌவால் 1 மில்லிசெகண்ட் கத்தினா, பூச்சிக்குப் பின்னாடி 17 செ.மீ.க்குள்ள இருக்குற இலை, குச்சி எல்லாத்தோட எதிரொலியும் பூச்சியோட எதிரொலி மேல ஏறி உக்காந்துடும். 10 மில்லிசெகண்ட் கத்தினா 1.7 மீட்டருக்குள்ள இருக்குறது எல்லாமே இப்படிக் குழம்பிடும்.

அதனாலதான் வேட்டையாடுற இடத்துக்கு ஏத்த மாதிரி கத்தலும் மாறுது. ஐரோப்பாவோட நாக்டியூல் வௌவால் மரத்துக்கு மேல திறந்தவெளில பறக்கும். சிறகு நீளம், ஒல்லி. 20 கிலோஹெர்ட்ஸ் பக்கமா, 20 மில்லிசெகண்ட் வரைக்கும் இழுத்துக் கத்தும். புதருக்குள்ள விட்டா அதுக்கு ஒண்ணுமே புரியாது. நேட்டரர் வௌவாலோட கத்தல் ரொம்பக் குட்டை, ஆனா சுருதி உச்சத்துலேர்ந்து அடிவரைக்கும் சர்ருன்னு இறங்கும். அதனால இலைக்கு 5 செ.மீ. முன்னாடி தொங்குற இரையையும் பிரிச்சுக் கேட்டுடும். குதிரைலாட வௌவால் ஒரே சுருதியைப் பிடிச்சுக்கிட்டு, பூச்சியோட சிறகு படபடக்கும்போது எதிரொலில வர்ற துடிப்பைத் தேடும். நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல நோய்வைலரும் மாரிமுத்துவும் 1987-ல ஆராய்ஞ்ச பெரிய காது வௌவாலோ, தவளை தத்துற சத்தத்தைக் கேட்டே பாயும். தவளை அசையலன்னா கண்டுக்காது.

இப்ப சொல்லுங்க. நம்ம தட்டான் படபடக்கல, தத்தல, இலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. மேல சொன்ன ஒரு வித்தையும் செல்லாது!

[திரையில்: பனாமா, பாரோ கொலராடோ தீவு]

விடை 2019-ல வந்துச்சு. இங்கா கைபெல்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஒரு செயற்கை மீயொலிக் கருவியை இலையைச் சுத்தி வெவ்வேற கோணத்துல நகர்த்திப் பதிவு பண்ணாங்க. ஒரு தடவை பூச்சியோட, ஒரு தடவை பூச்சி இல்லாம. நேரா எதிர்ல நின்னா இலையோட எதிரொலி காதைப் பிளக்கும், பூச்சி அதுல முழுகிடும். 30 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு கத்தினா, வழவழப்பான இலை சத்தத்தைக் கண்ணாடி மாதிரி எதிர்ப்பக்கமாத் தள்ளிவிட்டுடும். இலை 'இருட்டு' ஆயிடும். மேடு பள்ளமா இருக்குற பூச்சி மட்டும் சத்தத்தை வௌவால் பக்கம் திருப்பி அனுப்பும். அதிவேகக் கேமராவுல பாத்தா, மைக்ரோநிக்டெரிஸ் மைக்ரோட்டிஸ்ங்கற அந்தக் குட்டி வௌவால் பெரும்பாலும் அப்படித்தான் சாய்வா வருது. யார் சொல்லிக் குடுத்தாங்களோ!

வீட்டுலயே செஞ்சு பாருங்க. வீடியோவை நிறுத்திட்டுப் போங்க, நான் இங்கதான் இருப்பேன். முகம் பாக்குற கண்ணாடியைத் தரையில வெச்சு, நடுவுல ஒரு கிராம்பு போடுங்க. விளக்கை அணைச்சுட்டு, டார்ச்சைக் கண்ணோரமா, நெத்திப்பொட்டுல ஒட்டிப் பிடிங்க. நேர் மேலேர்ந்து அடிச்சா கண்ணு கூசும், கிராம்பு காணாமப்போகும். ரெண்டடி தள்ளி உக்காந்து சாய்வா அடிங்க: கண்ணாடி கருப்பாயிடும், கிராம்பு மட்டும் பளிச்சுன்னு நிக்கும்.

வரலையா? மூணு காரணம் இருக்கலாம். டார்ச்சைக் கைநீட்டிப் பிடிச்சிருப்பீங்க. வௌவாலுக்குக் கத்துற இடமும் கேக்குற காதும் பக்கத்துலயே இருக்குங்க, அதே மாதிரி டார்ச்சும் கண்ணும் ஒட்டி இருக்கணும். இல்லன்னா எதிர்ச்சுவர் ரொம்பக் கிட்ட இருக்கும், அந்தச் சுவரே கண்ணாடில தெரியும். இல்லன்னா கண்ணாடி பூரா தூசி, ஒவ்வொரு தூசியும் ஒரு கிராம்பு மாதிரி மின்னும். இப்ப கண்ணாடியை எடுத்துட்டு ஒரு சப்பாத்தி மேல கிராம்பை வெச்சுப் பாருங்க. எந்தக் கோணத்துல அடிச்சாலும் சப்பாத்தியும் சேர்ந்து வெளிச்சமாத்தான் தெரியும். சொரசொரப்பா இருந்தா இந்த வித்தை பலிக்காது. சோதனை முடிஞ்சதும் சப்பாத்தியை என்ன பண்றதுன்னு நான் சொல்லத் தேவையில்ல.

குளத்துக்கும் இதே கதைதான். டாபென்டன் வௌவால் தண்ணியை உரசுற மாதிரி பறந்து, மேல மிதக்குற பூச்சியைக் காலால அள்ளும். அமைதியான தண்ணி ஒரு பெரிய படுத்த கண்ணாடி. சிற்றலை வந்தாலோ, பாசி மாதிரி குட்டி இலைகள் மிதந்தாலோ அதுவும் சப்பாத்தி ஆயிடும். வௌவால் வேற இடம் பாத்துப் போயிடும்.

[திரையில்: வௌவால் பறக்க விடும் கூண்டு, செங்குத்தாக நிற்கும் உலோகத் தகடு]

இதே காது ஏமாறவும் செய்யும். வழவழப்பான தகட்டைப் படுக்க வெச்சா வௌவால் தண்ணின்னு நெனச்சுக் குடிக்க வருது. அதையே நிமிர்த்தி வெச்சா? கிரைஃப் குழு 2017-ல சோதிச்ச 21 வௌவால்ல 19 போய் முட்டிக்கிச்சு. சாய்வாப் பறந்து வரும்போது தகட்டுலேர்ந்து எதிரொலியே திரும்பல. அதனால அங்க வழி திறந்திருக்குன்னு அது முடிவு பண்ணிடுது. தகடு நேர் எதிர்ல வந்த பிறகுதான் எதிரொலி கேக்கும், அதுக்குள்ள ஒதுங்க நேரம் இருக்காது. கட்டிடத்துல கண்ணாடிச் சுவர் வைக்கிறவங்க யாராவது இதைப் பாக்குறீங்களா? கமென்ட்ல வாங்க, பேசுவோம்.